ஓடிக்கொண்டிருக்கும் மீன் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது: இரண்டடியிலிருந்து நாலடிக்கு முழுமையான வழிகாட்டி

தொட்டி மாற்றும்போது மீன் சாவது பெரும்பாலும் மாற்றிய அன்று அல்ல. அன்றைக்கு எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் ஒரு மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஐந்தாம் நாள் இரண்டு மிதக்கும். கடையில் கேட்டால் ஒரு நீல மருந்தைக் கொடுப்பார்கள். அதை ஊற்றியதும் மிச்சமிருப்பவையும் போய்விடும்.

காரணம் இரண்டுதான். முதலாவது, தண்ணீர் ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் மாறிவிட்டது. இரண்டாவது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாவைக் குழாயடியில் வைத்துக் கழுவிக் கொட்டிவிட்டோம். குடிமாறும்போது வெள்ளையடிக்கிற மாதிரி, தொட்டி மாற்றும் நாளில் எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அந்த ஒரு ஆசையை அடக்கினாலே பாதி மீன் பிழைக்கும்.

இந்த வழிகாட்டி 2×1×1 அடித் தொட்டியிலிருந்து 4×1½×1½ அடித் தொட்டிக்கு, அதுவும் பழைய தொட்டி இருந்த அதே இடத்தில் மாற்றுவதற்கானது. நம் வீடுகளில் பிளக் பாயிண்ட் இருக்கிற சுவர் ஒன்றுதான் என்பதால் பெரும்பாலோர் நிலைமை இதுதான். புதுத் தொட்டிக்குத் தனி இடம் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். எந்த இடத்தில் குறைகிறது என்று ஆங்காங்கே சொல்கிறேன்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். பழைய தொட்டி 2 கன அடி, அதாவது விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடம் போனால் உள்ளே இருப்பது 45 லிட்டர்தான். புதுத் தொட்டி 9 கன அடி. விளிம்பு வரை 255 லிட்டர், நடைமுறையில் 220.

பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் ஊற்றினாலும் புதுத் தொட்டியில் அது ஐந்தில் ஒரு பங்கு. மீதி நாலு பங்கும் புதுத் தண்ணீர். “பழைய தண்ணீரையே ஊற்றிவிட்டேனே, அப்புறம் எப்படி மீன் செத்தது?” என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். மீன் அனுபவிப்பது 80 சதவீதத் தண்ணீர் மாற்றம்.

அடுத்து எடை. தண்ணீர் 220 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி என்றால் தொட்டி மட்டும் 50 கிலோ. இரண்டு அங்குல மணல் 40 கிலோ. ஸ்டாண்டும் கல்லும் மரக்கட்டையும் சேர்ந்தால் மொத்தம் 350 கிலோவைத் தொடும். தரைத்தளம் என்றால் கவலையில்லை. மாடி என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வீட்டு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பரவலான பாரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. தொட்டியின் பாரமோ அரை சதுர மீட்டரில் குவிகிறது. அதனால் அறையின் நடுவில் வைக்காதீர்கள். கீழே பீமோ சுவரோ இருக்கும் ஓரத்தில், சுவரை ஒட்டி வையுங்கள். பழைய கட்டடம், ஓதம் இறங்கிய தளம் என்றால் கட்டட வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

மாற்றும் நாளில் பாதி வேலையில் கடைக்கு ஓடக் கூடாது. இவை எல்லாம் முதல் நாளே வீட்டில் இருக்கட்டும்.

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று. 50, 60 லிட்டர் டப் இரண்டு. ஒன்று மீனுக்கு, இன்னொன்று செடிக்கும் மரக்கட்டைக்கும். வாளி மூன்று. இவற்றில் எதிலும் சோப்புப் பவுடர் பட்டிருக்கக் கூடாது. துணி ஊறவைத்த டப்பை எவ்வளவு கழுவினாலும் அதன் கீறல்களில் சோப்பு தங்கும். புதிதாக வாங்கிவிடுங்கள், அப்புறம் தண்ணீர் மாற்றவும் உதவும்.

ஏர் பம்ப் இரண்டு, அதில் ஒன்று பேட்டரியில் ஓடுவது. கரண்ட் போவதற்கு நாள் கிழமை கிடையாது. ஆறடி நீளத்தில் ஹோஸ் இரண்டு. பெரிய வலை இரண்டு. தெர்மோமீட்டர், டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு காட்டுவது), அம்மோனியா, நைட்ரைட் (அம்மோனியா நைட்ரேட்டாகும் வழியில் உருவாகும் இன்னொரு நஞ்சு), பி.ஹெச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பார்க்கும் டெஸ்ட் கிட். இந்த டெஸ்ட் கிட்டில்தான் நிறையப் பேர் மிச்சம் பிடிக்கிறார்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் ஒரே பொருளை விட்டுவிடுகிறார்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் வகையே வாங்குங்கள். காகிதப் பட்டைகள் அவ்வளவு நம்பகமில்லை.

ஆன்டி குளோரின், அரை அங்குல தெர்மாகோல் ஷீட், ரசமட்டம், பழைய துண்டுகள். தூக்குவதற்கு உங்களோடு சேர்த்து மூன்று பேர்.

3. மூன்று வாரம் முன்பே: பழைய தொட்டியைப் புதுத் தண்ணீருக்குப் பழக்குங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். என்னைக் கேட்டால் மிக முக்கியமான படியும் இதுதான்.

நெடுநாள் ஓடிய தொட்டியின் தண்ணீர், நீங்கள் குழாயில் பிடிக்கும் தண்ணீரல்ல. ஆவியாகும்போது உப்புகள் பின்தங்கி டி.டி.எஸ். ஏறியிருக்கும். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் அமிலமும் சேர்ந்து உருவாவதால் பி.ஹெச். மெல்ல இறங்கியிருக்கும். தண்ணீர் மாற்றாமல் ஆவியானதை மட்டும் ஊற்றி நிரப்பி வந்த தொட்டிகளில் பி.ஹெச். 6 பக்கம் போயிருப்பதைப் பார்க்கலாம். மீன்கள் மெதுவாகப் பழகிக்கொண்டதால் வெளியே ஒன்றும் தெரியாது.

ஆபத்து எங்கே என்றால், பி.ஹெச். 7-க்குக் கீழே இருக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவத்தில் இருக்கும். பி.ஹெச். ஒரு எண் ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். பி.ஹெச். 6.3-இல் இருந்த மீனைத் தண்ணீரோடு எடுத்து, பி.ஹெச். 8 உள்ள போர் தண்ணீரில் விட்டால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அம்மோனியா அப்போதே விழித்துக்கொள்கிறது. மீன்கள் ஒரு மணி நேரத்தில் மேலே வந்து மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் முதலில் இரண்டையும் அளந்து பாருங்கள்: தொட்டித் தண்ணீர், நிரப்பப் போகும் தண்ணீர். போர் தண்ணீரைப் பிடித்தவுடன் அளக்காதீர்கள். அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு பி.ஹெச்.-ஐக் குறைத்துக் காட்டும். ஒரு வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விட்டு, அப்புறம் அளந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும்.

இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 சதவீதம் மாற்றுங்கள். 45 லிட்டரில் அது நாலரை லிட்டர், கால் வாளிதான். இரண்டாம் வாரம் 15 சதவீதம், மூன்றாம் வாரம் 20 முதல் 25 சதவீதம். டி.டி.எஸ். வித்தியாசம் 100-க்குள்ளும் பி.ஹெச். வித்தியாசம் 0.3-க்குள்ளும் வந்துவிட்டால் தொட்டி தயார். வரவில்லை என்றால் இன்னொரு வாரம் தள்ளிப் போடுங்கள். தேதி குறித்தாயிற்று என்பதற்காக மீனை அவசரப்படுத்தாதீர்கள்.

எந்தத் தண்ணீர் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மாதா மாதம் 60, 70 லிட்டர் மாற்ற எது எப்போதும் கிடைக்குமோ அதுதான் சரியான தண்ணீர். சிலர் நல்லது செய்வதாக நினைத்து கேன் தண்ணீரில் முழுத் தொட்டியையும் நிரப்புகிறார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் பி.ஹெச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் ஏறக்குறைய இல்லை. சில வாரங்களில் பி.ஹெச். சரிந்துவிடும். போர் தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால் அதில் ஒரு பங்கு ஆர்.ஓ. கலந்து இறக்கலாம். எந்த விகிதமோ, ஒவ்வொரு முறையும் அதே விகிதம்.

4. அதே மூன்று வாரம்: புது ஃபில்டரையும் பழைய தொட்டியிலேயே ஓட்டுங்கள்

அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. அவை ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பழைய தண்ணீரைக் கொண்டுபோவதால் பாக்டீரியா வந்துவிடாது. ஸ்பாஞ்சைக் கொண்டுபோனால் வரும்.

புது ஃபில்டர் உள்ளே வைக்கும் வகையோ ஸ்பாஞ்ச் ஃபில்டரோ என்றால் பழைய ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிடுங்கள். கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) என்றால் வேகம் அதிகமாக இருக்கும். வால்வைப் பாதி மூடி, தண்ணீர் வெளிவரும் குழாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். இரண்டடித் தொட்டியில் அதற்கு இடமே இல்லை என்றால், அதன் செராமிக் ரிங்குகளை வலைப் பையில் கட்டி, பழைய ஃபில்டரின் ஓட்டத்தில் தொங்கவிட்டாலும் போதும். மூன்று, நாலு வாரத்தில் அவற்றில் பாக்டீரியா படர ஆரம்பித்திருக்கும்.

இதைச் செய்ததால் பழைய ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது புதுத் தொட்டியிலும் ஒரு மாதத்துக்கு மேல் ஓட வேண்டும்.

5. தொட்டிச் சோதனையும் மணல் கழுவலும்

புதிதாக ஒட்டிய தொட்டி என்றால் சிலிக்கான் காய ஒரு வாரமாவது விடுங்கள். மூக்கை வைத்தால் வினிகர் வாசம் வருகிறதா? இன்னும் காயவில்லை. காய்ந்த பிறகு கார் ஷெட்டிலோ பால்கனியிலோ சமமான தரையில், அடியில் தெர்மாகோல் வைத்து, முழுதாக நிரப்பி 48 மணி நேரம் விடுங்கள். பால்கனி தளத்தின் வலு தெரியாது என்றால் அங்கே நிரப்பாதீர்கள். ஒட்டுகளை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும். வீட்டுக்குள் மணலும் மீனும் போட்ட பிறகு ஒழுகினால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தாலே இந்த 48 மணி நேரம் பெரிதாகத் தெரியாது.

சோதனை முடிந்ததும் வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். சோப்பும் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம்.

மணலில் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். கடற்கரை மணலில் சிப்பித் துண்டு இருப்பதால் அது இப்படித்தான் நுரைக்கும். எம்-சாண்ட் கூர்மையானது. தரையை மோப்பம் பிடித்துக்கொண்டே திரியும் கோரி மீன்களின் மீசையை அது தேய்த்துவிடும். உருண்டையான மணலாகப் பார்த்து வாங்கி, மேலே வரும் தண்ணீர் தெளியும் வரை சிறிது சிறிதாகக் கழுவுங்கள். 30 கிலோ கழுவினால் இடுப்பு வலிக்கும். மாற்றும் நாளுக்கு இதை மிச்சம் வைக்காதீர்கள்.

6. முந்தைய நாள்

டிரம்மில் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் சொன்ன அளவு ஆன்டி குளோரின் போட்டு, ஏர் ஸ்டோனை ஓடவிட்டு இரவு முழுக்க விடுங்கள். டிரம்மை அறைக்குள் அல்லது நிழலில் வையுங்கள். ஏப்ரல், மே மாதம் என்றால் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் மதியத்தில் கை சுடும். காலையில் பிடிப்பதே நல்லது. இரவு அறையிலேயே இருந்தால் மறுநாள் டிரம்மும் தொட்டியும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வந்துவிடும்.

மீனுக்கு இன்று சாப்பாடு கிடையாது. வயிறு காலியாக இருந்தால் நாளைக்கு டப்பில் கழிவு குறையும். வளர்ந்த மீனுக்கு ஒரு நாள் பட்டினி ஒன்றுமேயில்லை.

7. மாற்றும் நாள்: பிரிக்கும் வரிசை

காலையிலேயே ஆரம்பியுங்கள். இங்கே வரிசை மாறினால் மீனுக்குத்தான் கஷ்டம்.

முதலில் லைட்டையும், ஹீட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். ஹீட்டரை உடனே வெளியே எடுக்காதீர்கள். சூடாக இருக்கும்போது காற்று பட்டால் கண்ணாடி விரிசல் விடும். கால் மணி நேரம் தண்ணீரிலேயே ஆறட்டும். ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டாவது, எதையும் தொடுவதற்கு முன் மேல்தண்ணீரை ஹோஸில் இறக்கி மீன் டப்பைப் பாதி நிரப்புங்கள், மணல் அலசக் கொஞ்சம் வாளியில் எடுத்து வையுங்கள். மரக்கட்டையை அசைத்த பிறகு எடுத்தால் குப்பைத் தண்ணீர்தான் கிடைக்கும். டப்பில் ஏர் ஸ்டோனைப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கல், மரக்கட்டை, செடி. இவற்றை இன்னொரு டப்பில் வையுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவை கட்டையில் ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம், அப்படியே தூக்குங்கள். செடிகளின் மேல் நனைத்த செய்தித்தாளைப் போர்த்துங்கள். இவற்றை எல்லாம் எடுக்காமல் மீனைப் பிடிக்க முயல்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மீன் கட்டைக்குப் பின்னால் ஓடும், கை பின்னாலேயே துரத்தும், அரை மணி நேரத்தில் மீனும் களைத்துப் பிடிப்பவரும் களைத்துப் போவார்.

நாலாவது, பழைய ஃபில்டரையும் மூன்று வாரம் ஓடிய புது ஃபில்டரையும் டப்புக்கு மாற்றி ஓடவிடுங்கள். ஸ்பாஞ்சைப் பிழியக்கூட வேண்டாம். இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். கேனிஸ்டரை மூடியபடி இரண்டு, மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அவை சாக ஆரம்பிக்கும். டப்பில் கேனிஸ்டரை ஓட்ட முடியாது என்றால் திறந்து, மீடியாவை (ஸ்பாஞ்ச், ரிங்குகள்) எடுத்துத் தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் போட்டு ஏர் ஸ்டோன் வையுங்கள்.

ஐந்தாவதுதான் மீன். தண்ணீர் நாலு அங்குலம் இருக்கும்போது இரண்டு வலை: ஒன்றை ஓரத்தில் அசையாமல் பிடித்து, மற்றதால் மெதுவாக அதை நோக்கி ஒதுக்குங்கள்.

சக்கர், கோரி இரண்டையும் வலையில் பிடிக்காதீர்கள். பயந்தால் அவை துடுப்பு முள்ளை விறைத்துக்கொள்ளும். அது வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டால் இழுக்க இழுக்க இறுகும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சக்கரின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து, பின்னாலிருந்து வாலை லேசாகத் தொடுங்கள். தானாக உள்ளே போகும். டப்பாவில் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்க வேண்டாம். டப்பாவோடு டப்பில் இறக்கிவிடுங்கள், எப்போது இஷ்டமோ அப்போது வரட்டும். ஏற்கெனவே வலையில் மாட்டிக்கொண்டால் வலையை முள்ளைச் சுற்றி வெட்டுங்கள். வலை மலிவு.

டப்பை மூடுங்கள். ஓரத்தில் காற்று போக வழி விட்டு, மேலே துண்டைப் போர்த்துங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். மூடாத டப்பிலிருந்து குதித்த மீனை சோபாவுக்கு அடியில் மாலையில் கண்டெடுப்பது இந்த வேலையில் சகஜம்.

8. பழைய மணல்

மீன் வெளியே போகும் வரை மணலைத் தொடக் கூடாது. அடியில் காற்றுப் போகாத இடங்களில் கறுப்புத் திட்டுகள் இருக்கும். கிளறினால் அழுகிய முட்டை வாசம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு நஞ்சு. அத்தோடு பல மாதக் கழிவும் ஒரே நேரத்தில் கிளம்பும்.

தொட்டியில் மீந்த அந்த நாலு அங்குலத் தண்ணீரிலேயே மணலைக் கையால் அலசுங்கள். பழுப்பாகக் கலங்கும், கொட்டிவிட்டு, எடுத்து வைத்த பழைய தண்ணீரை ஒரு முறை ஊற்றி அலசுங்கள். இரண்டு முறை போதும். குழாயடிக்குக் கொண்டுபோய்த் தெளியும் வரை கழுவினால், குளோரின் அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மிகவும் கறுத்த, நாற்றம் போகாத மணலை மட்டும் எறிந்துவிடுங்கள்.

மணலோடு தொட்டியைத் தூக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 12, 14 கிலோ ஈர மணல் அடிக்கண்ணாடியில் கிடக்கும்போது ஓரங்களைப் பிடித்துத் தூக்கினால் சிலிக்கான் ஒட்டு விடும்.

(புதுத் தொட்டிக்குத் தனி இடம் இருப்பவர்களுக்கு: நீங்கள் 9, 10-ஐ முதலில் முடித்துவிட்டு, அதே நாளில் பிறகு 7-க்கு வரலாம். மீன் டப்பில் காத்திருக்கவே வேண்டாம்.)

9. ஸ்டாண்ட், ரசமட்டம், தெர்மாகோல்

ஸ்டாண்டை வைத்ததும் ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என்று வைத்துப் பாருங்கள். கால் ஆடினால் தகடோ கெட்டியான ரப்பரோ ஸ்டாண்டின் காலுக்கு அடியில் கொடுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அட்டை சொருகுவது கூடவே கூடாது. அந்த ஒரு புள்ளியில் பாரம் ஏறிக் கண்ணாடி விரியும்.

தெர்மாகோலை அடிக்கண்ணாடியின் முழு அளவுக்கும் வையுங்கள். ஸ்டாண்டில் கிடக்கும் ஒரு மணல் துகள்கூடக் கண்ணாடிக்குப் பகை. தெர்மாகோல் அதை விழுங்கிக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் ஃபிரேம் உள்ள, கண்ணாடி தரையைத் தொடாத வகைத் தொட்டி என்றால் மட்டும் தெர்மாகோல் வேண்டாம்.

சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வையுங்கள். குழாயும் வயரும் போக வேண்டும், பின்னால் உங்கள் கையும் போக வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறும்படி விடுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

10. உள்ளே அடுக்குதல், தண்ணீர் ஊற்றுதல்

பெரிய கல் இருந்தால் மணலுக்கு முன் அடிக்கண்ணாடியில் ஒரு மெல்லிய தெர்மாகோல் துண்டின் மேல் வையுங்கள். மணல் மேல் வைத்தால் மீன் தோண்டும்போது சரியும். அப்புறம் கழுவிய புது மணல். அதன் மேல், அரை அங்குலத்துக்கு, அலசிய பழைய மணலைப் பரப்புங்கள். பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைப்பது மேற்பரப்பில்தான் என்பதால் பழையது மேலே.

மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். கால்வாசி நிறைந்ததும் நிறுத்திச் செடிகளை நடுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்னின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகும், கட்டையிலேயே இருக்கட்டும். பிறகு மீதித் தண்ணீர். பாதி நிறைந்ததும் ரசமட்டத்தை இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் சரிசெய்ய இதுவே கடைசி வாய்ப்பு.

டிரம் தீர்ந்தாலும் தொட்டி முழுதாக நிறையாமல் இருக்கலாம். முக்கால் தொட்டியில் இரண்டு நாள் ஓடினால் எந்தக் குறையும் இல்லை. “நிறையவில்லையே” என்று குழாய்த் தண்ணீரை நேராகத் திறந்துவிடுவது கடைசி நேரத்தில் நடக்கும் தவறு.

நிரம்பியதும் புது ஃபில்டரை இங்கே ஓட்டுங்கள். பழைய ஃபில்டர் மீனோடு டப்பிலேயே இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து வெப்பம், பி.ஹெச்., டி.டி.எஸ். மூன்றையும் டப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

11. மீனை விடுதல்

டப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, புதுத் தொட்டித் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சொம்பு வீதம் ஊற்றி வாருங்கள். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். மூன்று வாரம் பழக்கியிருந்தால் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனாலும் இதை விடாதீர்கள்.

பழைய ஃபில்டரை முதலில் மாற்றி ஓடவிட்டு, அப்புறம் மீன். சிறிய, பயந்த மீன்கள் முன்னால் போகட்டும். ஏஞ்சல் போல இடம் பிடித்து அதிகாரம் செய்பவை கடைசி. லைட் மறுநாள் வரை வேண்டாம். மூலையில் கும்பலாக ஒதுங்கி நிறம் வெளுத்து நிற்பது முதல் இரவில் சாதாரணம். மேற்பரப்பில் வேகமாக மூச்சு வாங்கினால் சாதாரணம் அல்ல. உடனே அம்மோனியா பாருங்கள், ஏர் பம்பைக் கூட்டுங்கள்.

12. முதல் இரண்டு வாரம்

தினமும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். அம்மோனியா 0.25 பி.பி.எம். காட்டினால் சாப்பாட்டைக் குறையுங்கள். இரண்டில் எது 0.5-ஐத் தொட்டாலும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், தேவைப்பட்டால் மறுநாளும். மாற்றும் தண்ணீர் முந்தைய நாளே பிடித்து வைத்ததாக இருக்கட்டும்.

சாப்பாடு பாதி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள். பெரிய தொட்டியில் மீன் சின்னதாகத் தெரியும், கை தானாகக் கூடுதலாகப் போடும். மீன் எண்ணிக்கை அதேதான்.

இரண்டாம், மூன்றாம் நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் பதற வேண்டாம். அது வேறு வகைப் பாக்டீரியாவின் பெருக்கம், சில நாளில் தெளியும். ஏர் பம்ப் ஓடட்டும். கலங்கியதற்காகத் தொட்டியைக் காலி செய்து மறுபடி கழுவுபவர்கள் ஒன்றாம் படிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

கடையில் தரும் நீல மருந்து மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு அதைத் தனி டப்பில் பயன்படுத்தலாம். தொட்டியில் ஊற்றினால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பாக்டீரியாவை அது பாதிக்கும், சிலிக்கானும் நீலமாகிவிடும். கல்லுப்பு ஒரு பிடி போடச் சொல்வார்கள். நைட்ரைட் உடம்புக்குள் போவதை உப்பு ஓரளவு தடுக்கும், உண்மைதான். அம்மோனியாவை அது ஒன்றும் செய்யாது. இரண்டுக்கும் முதல் மருந்து தண்ணீர் மாற்றுவதே.

லைட் ஆறு மணி நேரம் போதும். செடிகள் இன்னும் வேர் பிடிக்கவில்லை. மிச்ச வெளிச்சத்தைப் பாசிதான் சாப்பிடும். கிரிப்டோகோரின் இலைகள் கரைந்து போனாலும் பிடுங்காதீர்கள், வேரிலிருந்து துளிர்க்கும்.

13. ஒரு மாதத்துக்குப் பிறகு

முதல் மாதம் எந்த ஃபில்டரையும் கழுவ வேண்டாம். ஓட்டம் குறைந்து திணறினால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழியுங்கள். தண்ணீர் காபி நிறத்தில் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், வெள்ளையாகும் வரை போக வேண்டாம்.

ஐந்து, ஆறு வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்றால் பழைய ஃபில்டரை எடுக்கலாம். ஒரேயடியாக அல்ல. ஸ்பாஞ்சில் பாதியை எடுத்து ஒரு வாரம் பாருங்கள், எண் ஏறவில்லை என்றால் மீதி.

புது மீன் வாங்குவது இதற்கு அப்புறம்தான். நாலடித் தொட்டி காலியாகத் தெரிகிறது என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குக் கிளம்பாதீர்கள். பாக்டீரியாவின் எண்ணிக்கை இருக்கிற கழிவுக்குத் தக்கதாகத்தான் இருக்கும். பத்து மீனை ஒரே நாளில் சேர்த்தால் அது ஈடுகொடுக்காது. இரண்டு, மூன்றாக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சேருங்கள்.

கழற்றிய பழைய ஃபில்டரையும் அந்த இரண்டடித் தொட்டியையும் விற்றுவிடாதீர்கள். மணல் இல்லாமல், அதே ஸ்பாஞ்சோடு ஓடவிட்டால், வாங்கி வரும் மீன்களை மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வெள்ளைப் புள்ளி, துடுப்பு அழுகல் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மருந்து போடுவதாக இருந்தாலும் அங்கே போடுங்கள். அந்த வலை, ஹோஸ், வாளி எதையும் பெரிய தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.